மீற்றரில் பூச்சியம் வந்தால் கையை வைக்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பழைய வீடு. ஈரக்காலோடு நின்று வோஷிங் மெஷினைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறது. பின்னேரம் ஆறு, ஏழு மணிக்கு பிரிட்ஜ் முனகிவிட்டு நின்றுவிடுகிறது. கிணற்று மோட்டர் எத்தனை அம்பியர் இழுக்கிறது என்றும் தெரிய வேண்டும். இதையெல்லாம் நீங்களே பார்க்கலாம் என்று டவுனில் ஒரு மஞ்சள் நிற டிஜிற்றல் மல்ரிமீற்றர் வாங்கிவிட்டீர்கள். அதில் மூன்று துளை இருக்கிறது, சிவப்பு வயரை எதில் குத்துவது, குமிழை எங்கே வைப்பது என்று கேட்கிறீர்கள். துளையும் குமிழும் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடியும். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்களே, "மீற்றர் பூச்சியம் காட்டினால் தொடலாம்தானே?" என்று, உண்மையான கேள்வி அதுதான். ஒரே தடவை அளந்து வந்த பூச்சியத்தை நம்பிக் கையை வைக்கக்கூடாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்து, பிறகு வீட்டு வயரிங்கும் மோட்டர் திருத்துகிற வேலையுமாக இருப்பவன். உங்கள் வீட்டைப் பார்க்காமல் இங்கிருந்து எழுதுகிறேன் என்பதால், எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன். முதல் நிச்சயம்: தொட்டால் சுர்ரென்கிற மெஷினை இன்றைக்கே பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். காரணம் என்னவென்று தெரிகிற வரைக்கும் உடுப்பைக் கையால் தோய்க்கலாம்.

எங்கள் ஊரில் மின்சாரத்தோடு பழகிய விதமே கொஞ்சம் வித்தியாசமானது. கரண்ட் இல்லாத 90களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள், கார் பற்றரியில் பல்ப் எரித்தவர்கள் இன்றைக்கும் அநேகமான வீடுகளில் இருக்கிறார்கள். டைனமோ தருவது 6 வோல்ற், பற்றரி 12 வோல்ற். இரண்டு வயரையும் உரசிப் பொறி வருகிறதா என்று பார்ப்பதும், நுனியை விரலால் பிடித்துப் பார்ப்பதும் அந்தக் காலத்துப் பழக்கம். அந்த வோல்ற்றில் அது ஆளைக் கொல்லாது. அதே கை, அதே பழக்கம் 230 வோல்ற்றுக்கு வந்துவிட்டதுதான் பிரச்சினை. உங்கள் மாமா "வயரை உரசிப் பார்த்தால் தெரியும், மீற்றர் எதற்கு" என்றாராம். அவர் எங்கே பழகினார் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல் கேட்காதீர்கள்.

சரி, மீற்றர். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் டிடி 830 என்ற வகை போல இருக்கிறது. மூன்று துளை: 'கொம்' என்று எழுதியது பொதுத் துளை, கறுப்பு வயர் எப்போதும் அங்கேதான். நடுவில் இருப்பதில் வோல்ற், ஓம், மில்லி அம்பியர் மூன்றுக்குமான குறிகள் சேர்த்து எழுதியிருக்கும். சிவப்பு வயர் அதில். மூன்றாவது, 10 அம்பியர் என்று எழுதிய துளை. அதில் ஒரு சின்ன ரேப் துண்டு ஒட்டி மூடிவிடுங்கள், உங்களுக்கு அது தேவைப்படாது. காரணம் கீழே வரும். குமிழில் ஆடலோட்ட (ஏசி) வோல்ற் பகுதிக்குப் பக்கத்தில் நெளிகோடு போட்டிருக்கும், அதில் 200, 750 என்று இரண்டு நிலை (சிலதில் 600). வீட்டு மின்சாரத்துக்குப் பெரியது. 200இல் வைத்தால் திரையின் இடது ஓரத்தில் வெறும் "1" மட்டும் நிற்கும். ஒரு வோல்ற்தான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை, அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இதை ஒரு வோல்ற் என்று வாசித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நேர்கோடும் கீழே புள்ளிக்கோடும் போட்ட பகுதி நேரோட்டத்துக்கு, அதாவது பற்றரிக்கு. அதில் வைத்து சுவர்ப் பிளக்கை அளந்தால் பூச்சியமோ அதற்குக் கிட்டவோ காட்டும். பிளக்கில் 230 அப்படியே இருக்கும். ஆளை ஏமாற்றுகிற பூச்சியங்களில் இது முதலாவது.

இந்த வகையில் இன்னொரு பொறி இருக்கிறது. நடுத் துளையையே மில்லி அம்பியருக்கும் பயன்படுத்துவதால், வயரை மாற்றாமலே குமிழைத் திருப்பி மின்னோட்ட நிலைக்குப் போய்விடலாம். வயர் முனைகள் பிளக்குக்குள் இருக்கும்போது குமிழைத் திருப்பினால், ஓம், மில்லி அம்பியர் நிலைகளைத் தாண்டி அது போகக்கூடும். அந்த ஒரு கணத்தில் மீற்றர் புகைந்துவிடலாம். குமிழை வைத்த பிறகு முனையை வை. முனையை எடுத்த பிறகு குமிழைத் திருப்பு. இதில் விலக்கே இல்லை.

மீற்றர் எந்த இடத்துக்கு ஏற்றது என்பது இன்னும் பெரிய விஷயம். முகப்பில் 750 வோல்ற் என்று எழுதியிருந்தால் 750 வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று நினைக்கிறோம். இடி இடிக்கும்போதும் பெரிய மோட்டர்கள் நிற்கும்போதும் கம்பியில் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு ஆயிரக்கணக்கான வோல்ற் பாய்ந்து போகும். அதை மீற்றர் தாங்க வேண்டும். ஐஈசி 61010 என்ற சர்வதேசத் தரத்தில் இதற்காகத்தான் 'கேட்' என்ற வகைப்படுத்தல் இருக்கிறது. பிளக்கில் குத்திப் பாவிக்கிற சாமான்களுக்கு கேட் 2, டிபி போர்ட் (வீட்டு லைன்கள் பிரிகிற சுவிச்சுப் பெட்டி), நிலையான வயரிங் போன்றவற்றுக்கு கேட் 3, வெளிக்கம்பியும் மின்சார சபையின் மீற்றரும் இருக்கும் இடத்துக்கு கேட் 4. 600 வோல்ற் கேட் 2 மீற்றர் 4000 வோல்ற் அதிர்வைத் தாங்கும்படி சோதிக்கப்படும். அதே 600 வோல்ற் கேட் 3 என்றால் 6000. வெளிக்கம்பிக்குக் கிட்டப் போகப் போக ஆபத்து கூடுவதற்குக் காரணம், அங்கே பாய்ச்சலும் பெரிது, பிழை நடந்தால் ஓடுகிற மின்னோட்டமும் பெரிது.

ஆனால் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து நம்பவும் வேண்டாம். மலிவு மீற்றர்களில் அச்சடிக்கிறவர் இஷ்டத்துக்கு கேட் 3, 1000 வோல்ற் என்று போட்டிருப்பதுண்டு. வயர்களைக் கழற்றிவிட்டு பின்மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தடித்த, ஒளி ஊடுருவாத பீங்கான் பியூஸ் இருந்தால் அது பெரும்பாலும் மணல் நிரப்பியது, உடையும்போது தீப்பொறியை உள்ளேயே அடக்கும். மெல்லிய கண்ணாடி பியூஸ், அதுவும் 250 வோல்ற் என்று எழுதியது இருந்தால், முகப்பில் எழுதியது வெறும் எழுத்து. டிடி 830 வகையில் 10 அம்பியர் துளைக்குப் பக்கத்திலேயே "பியூஸ் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அந்த மட்டில் நேர்மை. பியூஸ் போனதும் அந்த இடத்தில் வயர் துண்டு வைத்துக் கட்டுகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. வீட்டு மெயினில் செய்தாலும் தவறு, கையில் பிடிக்கிற மீற்றரில் செய்தால் கையிலேயே வெடிக்க விடுவதற்குச் சமன்.

ஆகவே உங்கள் மஞ்சள் மீற்றரை என்ன செய்யலாம்? பற்றரி, ரோச், ரிவி ரிமோட், மோட்டார் சைக்கிள், கரண்ட் இல்லாத வயரில் தொடர்ச்சி பார்ப்பது, இவற்றுக்கு அது நல்ல சாமான். வீட்டுக்குள் ஒரு பிளக்கில் வோல்ற் பார்க்க, வயரும் முனையும் நல்ல நிலையில் இருந்தால், மனமில்லாமல் சரி என்பேன். டிபி போர்ட்டைத் திறந்து உள்ளே வைக்க வேண்டாம். மின்சார சபையின் மீற்றர்ப் பெட்டிக்குக் கிட்டவே வேண்டாம். அது முத்திரையிட்டது, சபைக்குச் சொந்தமானது. இதையெல்லாம் தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால் உண்மையான கேட் 3, 600 வோல்ற் மீற்றர் ஒன்றுக்குக் காசைச் செலவழியுங்கள். வயர்களையும் அதே தரத்தில் வாங்குங்கள், ஏனென்றால் மீற்றரில் நீங்கள் கையால் பிடிக்கிற பகுதி வயர்தான். முனையில் வெளியே தெரிகிற உலோகம் 4 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. மலிவு முனைகளில் அது இரண்டு சென்ரிமீற்றர் வரைக்கும் நீண்டு நிற்கும், சற்றுச் சரிந்தால் பக்கத்துக் கம்பியையும் தொடும். சூடாக்கினால் சுருங்குகிற குழாய்த் துண்டை மாட்டி நுனியை மட்டும் விடலாம். உறை வெடித்த வயரை ரேப் சுற்றிப் பாவிக்க வேண்டாம், எறியுங்கள்.

பிளக்குக்குப் போக முன்னம் ஒரு நாள் பற்றரியோடு பழகுங்கள். புதிய ரோச் பற்றரி 1.5 வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். ஓய்வில் இருக்கிற, நிறையச் சார்ஜ் ஏறிய மோட்டார் சைக்கிள் பற்றரி 12.6 கிட்ட. ஓம் நிலையில் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு ஓமுக்குள் ஏதோ காட்டும், அது வயரின் சொந்தத் தடை. வயரை ஆட்டும்போது எண் துள்ளினால் உள்ளே அறுந்திருக்கிறது. அறுந்த வயர் 230 வோல்ற்றையும் பூச்சியம் என்றே காட்டும். மீற்றரின் சொந்தப் பற்றரி இறங்கினாலும் எண் பிழையாக வரும், சில வேளை கூடவும் காட்டும். 'ஹோல்ட்' பொத்தான் அமுங்கியிருந்தால் முன்னம் அளந்த எண்ணே திரையில் நிற்கும். இப்படி எண்ணிப் பார்த்தால், பூச்சியம் வருவதற்கு வயரில் கரண்ட் இல்லை என்பது ஒரு காரணம் மட்டுமே. மற்றக் காரணங்கள் எல்லாம் மீற்றரிலோ உங்கள் கையிலோ இருக்கின்றன.

இனி பிளக். இரப்பர்ச் செருப்பு, காய்ந்த தரை, காய்ந்த கை, மோதிரமும் காப்பும் கழற்றியபடி, வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது, அவருக்கு மெயின் சுவிச் எங்கே என்று காட்டிவிட்டு. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது வேண்டாம். பிளக்கை நேரே பார்த்தால் மேலே இருப்பது ஏர்த் (நிலத்தோடு இணைப்பது), கீழே வலப்பக்கம் லைவ் (கரண்ட் வருவது), இடப்பக்கம் நியூட்ரல் (கரண்ட் திரும்புவது). பழைய 5, 15 அம்பியர் உருண்டை ஓட்டைக்கும் இதே ஒழுங்கு, இப்போதைய 13 அம்பியர் சதுர ஓட்டைக்கும் இதே ஒழுங்கு. ஒழுங்கு இதுதான் என்றாலும், உங்கள் வீட்டில் வயரைப் பூட்டியவர் அப்படித்தான் பூட்டினார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். புதியதில் மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள். இரண்டும் கலந்த வீடுகள் ஏராளம்.

13 அம்பியர் பிளக்கில் கீழ் ஓட்டைகள் இரண்டும் உள்ளே மூடியிருக்கும், மேலே ஏர்த் பின் போனால்தான் திறக்கும். அதைத் திறக்க ஸ்க்ரூட்ரைவரை மேல் ஓட்டையில் குத்துவதை எல்லா வீட்டிலும் காணலாம். ஏர்த்தில் எப்போதும் கரண்ட் இருக்காது என்ற நம்பிக்கைதான் அதற்குத் துணிவு தருகிறது, உங்கள் வீட்டிலோ சந்தேகமே ஏர்த்தில்தான். உலோகம் எதையும் விட வேண்டாம். 13 அம்பியர் பிளக்கில் அப்படியே குத்துகிற, மூன்று சின்ன விளக்குள்ள சோதனைப் பிளக் ஒன்று விற்கிறது. வயர் மாறியிருக்கிறதா, ஏர்த் வயர் இணைந்திருக்கிறதா என்பதை அது முனை எதுவும் குத்தாமலே சொல்லும். மீற்றராலேயே பார்க்க வேண்டுமென்றால் மூடி இல்லாத உருண்டைப் பிளக்கில் பாருங்கள்.

அளக்கிற ஒழுங்கு: கறுப்பு முனையை முதலில் வையுங்கள், சிவப்பைப் பிறகு, எடுக்கும்போது சிவப்பு முதலில். விரல்கள் பிடியில் இருக்கிற விளிம்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். மூன்று சோடியையும் அளந்து எழுதுங்கள். லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 கிட்ட. லைவுக்கும் ஏர்த்துக்கும் இடையில் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் இடையில் ஒன்றிரண்டு வோல்ற். மூன்றாவதில் 230 வந்து இரண்டாவதில் பூச்சியம் வந்தால் லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. சாமான் வேலை செய்யும், ஆனால் சுவிச்சை நிறுத்தினாலும் உள்ளே லைவ் நிற்கும்.

ஏன் மூன்று சோடி? பலர் முதல் சோடியை மட்டும் பார்த்துவிட்டுக் கையை வைப்பார்கள். எங்கோ நியூட்ரல் வயர் கழன்றிருந்தால் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் பூச்சியமோ குழப்பமான ஒரு சிறு எண்ணோ வரும், பல்ப்பும் எரியாது, "கரண்ட் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவோம். லைவ் ஓட்டையில் 230 முழுசாக நிற்கும். மீற்றர் காட்டுவது இரண்டு முனைக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை மட்டும்தான். உங்கள் விரலுக்கும் நிலத்துக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று அதனிடம் நீங்கள் கேட்கவில்லை, அது சொல்லவும் இல்லை.

அதனால் வேலை தெரிந்தவர்கள் செய்வது இது. கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கை முதலில் அளப்பது, 230 வருகிறது. பிறகு நிறுத்திய இடத்தை மூன்று சோடியாகவும் அளப்பது, பூச்சியம் வருகிறது. பிறகு திரும்பப் போய் அந்த முதல் பிளக்கை இன்னொரு தடவை அளப்பது. அங்கே மறுபடியும் 230 வந்தால்தான் நடுவில் வந்த பூச்சியத்துக்கு மதிப்பு. இடையில் வயர் அறுந்திருந்தால் இந்த மூன்றாவது அளவில் பிடிபடும். ஒரு நிமிட வேலை, சோம்பலில் விடுவது இந்த மூன்றாவதைத்தான். ஸ்க்ரூட்ரைவர் மாதிரி இருக்கிற நியோன் ரெஸ்ரரை இதற்குப் பாவிக்க வேண்டாம். அது எரிவதற்கே உங்கள் உடம்பு வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் போக வேண்டும். தடித்த செருப்போடு பகல் வெளிச்சத்தில் நின்றால் லைவிலும் அது இருட்டாகவே தெரியலாம்.

2022இல் மணிக்கணக்கில் கரண்ட் போன பிறகு இங்கே நிறைய வீடுகளில் இன்வேர்ட்டர் வந்துவிட்டது, சிலரிடம் ஜெனரேற்றர். மெயின் சுவிச்சை விழுத்தினாலும் இன்வேர்ட்டர் பூட்டிய லைன்களில் கரண்ட் நிற்கும். கூரையில் சோலார் இருந்தால், வெயில் இருக்கும் வரைக்கும் பனலிலிருந்து வரும் வயரில் சில நூறு வோல்ற் நேரோட்டம் நிற்கும், எந்தச் சுவிச்சாலும் வெயிலை நிறுத்த முடியாது. அந்த வயரில் உங்கள் மீற்றருக்கு வேலை இல்லை.

இப்போது வோஷிங் மெஷின். இங்கேதான் நிச்சயமும் சந்தேகமும் கலக்கின்றன. மெஷினைப் பூட்டி, அதன் உலோக உடம்புக்கும் பிளக்கின் ஏர்த்துக்கும் இடையில் அளந்தால் ஏறக்குறையப் பூச்சியம் வர வேண்டும். அங்கே சில பத்து வோல்ற்றோ, 100, 115 என்றோ வந்தால், உடம்புக்கும் அந்த ஏர்த்துக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது, இது நிச்சயம். அந்த வோல்ற் எங்கிருந்து வருகிறது என்பதுதான் சந்தேகத்துக்குரியது. இப்போதைய மெஷின்களிலும் கொம்பியூற்றர்களிலும் லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்குச் சின்னக் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்) பூட்டியிருக்கும், மின் இரைச்சலை ஏர்த்துக்கு விட. ஏர்த் இல்லாவிட்டால் உடம்பு இரண்டுக்கும் நடுவில், அதாவது 115 கிட்ட மிதக்கும். அதில் ஓடுகிற மின்னோட்டம் சிறியது, சுர்ரென்று மட்டும் தெரியும். மற்றக் காரணம் உள்ளே மோட்டரிலோ சூடாக்கியிலோ உறை கெட்டுப்போய் லைவே உடம்பில் படுவது, அது ஆளைக் கொல்லும். மீற்றரின் உள்தடை மிகப் பெரியது என்பதால் இரண்டுக்கும் ஒரே மாதிரி எண்ணைக் காட்டக்கூடும். எண்ணைப் பார்த்து "இது சும்மா மிதக்கிற வோல்ற்" என்று நானும் இங்கிருந்து சொல்ல மாட்டேன், நீங்களும் முடிவு கட்டாதீர்கள்.

கரண்ட் இல்லாமல் செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று இருக்கிறது, மஞ்சள் மீற்றருக்கு ஏற்ற வேலை. மெஷின் வயரின் பிளக்கைச் சுவரிலிருந்து முழுசாகக் கழற்றி எடுத்து, அந்தப் பிளக்கின் ஏர்த் பின்னுக்கும் மெஷினில் பெயின்ற் இல்லாத உலோகத்துக்கும் இடையில் ஓம் பாருங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் வந்தால் மெஷினின் வயரில் ஏர்த் சரி, பிழை சுவர்ப் பக்கம். "1" மட்டும் நின்றால் மெஷினின் வயரிலோ பிளக்கிலோ ஏர்த் அறுந்திருக்கிறது. பிறகு லைவ் பின்னுக்கும் ஏர்த் பின்னுக்கும் இடையில் மிகப்பெரிய ஓம் நிலையில் பாருங்கள், "1" நிற்க வேண்டும். எண் ஏதாவது வந்தால் உறை கெட்டிருக்கிறது. "1" வந்தால் உறை நல்லது என்று சத்தியம் செய்ய முடியாது, ஏனென்றால் மீற்றர் சோதிப்பது சில வோல்ற்றில், உறை கசிவதோ 230இல். அதை 500 வோல்ற் கொடுத்துச் சோதிக்கிற மெகர் வேண்டும்.

சுவர்ப் பக்கத்து ஏர்த்தைப் பற்றி ஒரு பெரிய தப்பெண்ணம் இருக்கிறது. லைவுக்கும் ஏர்த்துக்கும் இடையில் 230 வந்தால் ஏர்த் நல்லது என்று எலக்ரீசியன்மாரே சிலர் சொல்வார்கள். இல்லை. நம் நாட்டில் பொதுவாக வீட்டுக்கு வீடு நிலத்தில் ஏர்த் கம்பி அடித்துத்தான் ஏர்த் எடுக்கிறோம். உங்கள் வலிகாமப் பகுதிச் செம்மண்ணுக்குக் கீழே கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணாம்புக் கல் வந்துவிடும், கம்பி முழுசாக இறங்காது, கோடையில் மேல்மண்ணும் காய்ந்துவிடும். அப்படி ஏர்த்தின் தடை 20,000 ஓம் வரை ஏறிவிட்டது என்று வையுங்கள். மீற்றர் ஒரு மில்லி அம்பியர்கூட எடுக்காது, அதனால் 220க்கு மேல் காட்டிவிடும், உங்களுக்குத் திருப்தி. நாளைக்கு மெஷினின் உடம்பில் லைவ் பட்டால் அந்த ஏர்த் வழியாக ஓடுவது 230ஐ 20,000ஆல் வகுத்த 11.5 மில்லி அம்பியர். 30 மில்லி அம்பியர் கசிந்தால் தானாகக் கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிச் அதற்கு விழாது. உடம்பு 230இல் அப்படியே நிற்கும், யாராவது தொடும் வரைக்கும். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அமுக்குங்கள், நல்ல பழக்கம். ஆனால் அது ஏர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் விழும், அது சோதிப்பது சுவிச்சை மட்டும். ஏர்த்தின் தடையை அளக்க ஏர்த் ரெஸ்ரர் வேண்டும். என்விகியூ (தேசியத் தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள எலக்ரீசியனைக் கூப்பிட்டு, ஏர்த் எத்தனை ஓம் என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். "நல்லாயிருக்கு" என்று வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம்.

பின்னேரத்து பிரிட்ஜ் இதைவிட இலகு. சபை தர வேண்டியது 230 வோல்ற், அதற்கு 6 வீதம் மேலே கீழே, அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. பின்னேரம் பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பிளக்கிலும், டிபி போர்ட்டுக்கு மிகக் கிட்ட உள்ள பிளக்கிலும் அளந்து, நேரத்தோடு சில நாள் எழுதுங்கள். இரண்டிலும் 216க்குக் கீழே என்றால் வெளியிலிருந்து வருவதே குறைவு, அந்தக் குறிப்போடு 1987 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து முறையிடலாம். கிட்டத்துப் பிளக்கில் சரியாக இருந்து பிரிட்ஜ் பக்கம் மட்டும் 10, 15 வோல்ற் குறைந்தால் உங்கள் வயரிங்கில் எங்கோ மூட்டு தளர்ந்து சூடாகிக்கொண்டிருக்கலாம். மூன்று பேஸ் வீட்டில் சில பல்ப் மங்கி, சில பல்ப் கண் கூசுகிற மாதிரிப் பிரகாசமாக எரிந்தால், நியூட்ரல் கழன்றிருக்கலாம். அப்போது அளந்துகொண்டு நிற்காமல் மெயினை விழுத்திவிட்டு அழையுங்கள். இன்வேர்ட்டரில் ஓடும்போது உங்கள் மீற்றர் 180 காட்டினால் பயப்பட வேண்டாம். மலிவு இன்வேர்ட்டர் தருவது படிக்கட்டு மாதிரியான அலை. மலிவு மீற்றர் சைன் அலை என்று நினைத்துக் கணக்குப் போடுவதால், உண்மையில் 230 இருந்தாலும் 180 என்று காட்டக்கூடும். 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று எழுதிய மீற்றர்தான் அங்கே சரியாகச் சொல்லும்.

கடைசியாக மோட்டரின் அம்பியர், ரேப் ஒட்டச் சொன்னதன் காரணம். வோல்ற் அளக்கும்போது மீற்றர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது. அம்பியர் துளையில் நடப்பது தலைகீழ்: உள்ளே இருப்பது ஒரு தடித்த கம்பித் துண்டு, ஓமில் நூறில் ஒரு பங்கு. சிவப்பு வயரை அங்கே மறந்துவிட்டு பிளக்கில் வைத்தால் லைவையும் நியூட்ரலையும் உங்கள் கையாலேயே சேர்த்துக் கட்டியதாகிவிடும். லைனின் மொத்தத் தடை அரை ஓம் என்றால் 460 அம்பியர் ஓடப் பார்க்கும், பியூஸ் இல்லாத மீற்றரில். மல்ரிமீற்றரால் நடக்கிற விபத்துகளில் நான் அதிகம் கேள்விப்படுவது இதைத்தான். ஒழுங்காகவே பூட்டினாலும் உங்கள் மோட்டருக்கு அது உதவாது: ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர் எடுத்தாலும், கிளம்புகிற கணத்தில் அதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும், 10 அம்பியரை எப்போதோ தாண்டிவிடும். கம்பியை வெட்டாமல் சுற்றிப் பிடித்து அளக்கிற கிளாம்ப் மீற்றர்தான் இதற்குரிய சாமான். லைவை மட்டும் கவ்வ வேண்டும். முழு வயரையும் சேர்த்துக் கவ்வினால் போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்து, மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூச்சியம் காட்டும். வந்த எண்ணை மோட்டரின் தகட்டில் எழுதியிருக்கிற அம்பியரோடு ஒப்பிடுங்கள். தகட்டைவிடக் கூட என்றால் புஷ் தேய்ந்திருக்கலாம், வோல்ற் குறைவாக வரலாம், கொள்ளளவி கெட்டிருக்கலாம். கொள்ளளவியை நீங்கள் கழற்ற வேண்டாம், கரண்டை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். மீற்றரின் முன்பக்கமும் பின்மூடி திறந்த நிலையும் தெரிகிற மாதிரி இரண்டு படமும், மெஷினின் ஏர்த் பின்னில் வந்த ஓமும், பின்னேரத்து வோல்ற்றும் இங்கே போடுங்கள், மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.